குரல்

"அழைப்பு எப்போது வந்தது, பாஸ்டர்?"
என்று கேட்கிறார்கள்.

பட்டர்வொர்த் ஃபெரியில் கயிறு பிடித்தவன் நான்.
கடைசி நடை. மழை.
கீழ்த்தட்டில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே
ஒரு சீனப் பெண் அழுதுகொண்டிருந்தாள்.
எந்த மொழியில் கேட்பதென்று தெரியாமல்
ஈரக் கயிற்றோடு பக்கத்தில் நின்றேன்
கரை தட்டும் வரை.
அவ்வளவுதான்.

ஜெலுத்தோங்கில், டயர் கடையின் மேல்மாடியில்,
முப்பது நாற்காலிச் சபையில் சொல்லும்போது மட்டும்
அந்தக் கதையில் எப்படியோ
ஒரு குரல் வந்து சேர்ந்துவிடுகிறது.
மூன்றாம் வரிசையில் ஹெப்சிபா குனிந்து
பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடுவாள்.
வீட்டில், நெத்திலி பொரித்தபடி:
"இன்னைக்கு ஆண்டவர் கொஞ்சம் சத்தமாவே பேசினாரு."

பதினோரு வருஷம்.
அவளுடைய கிளினிக் சம்பளத்தில்தான் வாடகை.
காணிக்கையை மைலோ டின்னில் போட்டு எண்ணும் எபிநேசர்
ஒருமுறை கேட்டான்:
"அப்பா, உங்களுக்கு யாரு சம்பளம் கொடுக்கிறது?"
கர்த்தர் என்றேன்.
"அப்ப ஏன் பெட்ரோலுக்கு அம்மாகிட்ட கேக்கிறீங்க?"

நேற்று இரவு இரண்டு மணிக்கு ஃபோன்.
பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, ஆறாவது மாடி.
ஞானமுத்துவின் மகன். பதினேழு வயது.
வேதாகமத்தைத் திறந்தேன்,
எழுத்துகள் நிற்கவில்லை.
மூடிவிட்டு, கட்டிலருகே நின்றேன் விடியும் வரை,
கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்.
கயிறு இருந்தால் பிடித்திருப்பேன்.

கதவைத் திறந்தவள்
"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்றாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
"சரி, பசியாறிட்டுப் படுங்க.
எபியை நான் ஸ்கூல்ல விட்டுக்கிறேன்."

வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தேன்:
ஒரு காலில் என்னுடையது,
மறு காலில் அவளுடையது.