இருபத்திமூன்று

ஆகஸ்ட் லீவு.
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்
நாள் வாடகைக்கு எடுத்த மண்டபம்.
எட்டரைக்கு வந்து மூன்று மணிக்குப் போகும்
இருபத்திமூன்று செம்மஞ்சள் டீசேர்ட்டுகள்.
எல்லாம் இரண்டு அளவு பெரிது,
தோள் தையல் முழங்கையில் கிடக்கும்.

றிசல்ட் வரும்வரை சும்மாதானே இருக்கிறாய் என்று
வீட்டில் அனுப்பிவிட்டார்கள்.
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு, மத்தியானச் சாப்பாடு,
கழுத்தில் ஒரு விசில்.
முதல் நாளே இனோஷன் அதைப் பறித்து ஊதினான்.
கழுவியும் போகவில்லை, மாம்பழ வாசம்.

கையில் தந்த தாளில் ஒன்பது விதிகள்.
ஒன்றுதான் மனதில் நின்றது:
எண்ணு.
கை கழுவப் போகமுன் எண்ணு, வந்தபின் எண்ணு.
மழை பெய்தால் எண்ணு.
தமிழில் தொடங்குவேன்,
பத்தைத் தாண்டத் தெவ்மினி சிங்களத்தில் பிடித்துக்கொள்வாள்,
பதினெட்டில் ஒருத்தன் பூனைக்குப் பின்னால் ஓடுவான்.
மறுபடி ஒன்று.

மற்றதெல்லாம் தாளில் இல்லாதவை.
இனோஷன் பாணின் கரையைத் தின்னமாட்டான்.
தெவ்மினி தோற்றால் சப்பாத்து பறக்கும்.
சமீஹ் அரை மணிக்கொருதரம் நேரம் கேட்பான்,
நான் சொல்லும் நேரம் ஒருநாளும்
அவனுக்குப் பிடித்ததில்லை.

வியாழக்கிழமை, பெயின்ற் பூசி முடிந்து
வரிசையில் நிற்கவைத்தேன்.
இருபத்திரண்டு.
விசில் ஊதினேன். இருபத்திரண்டு.
கேற் திறந்து கிடந்தது.
கேற்றுக்கு வெளியே ஒழுங்கை,
ஒழுங்கை முடிய மரைன் டிரைவ்,
ரோட்டைத் தாண்டினால் தண்டவாளம்,
அதைத் தாண்டினால் கடல்.
இந்த ஊர் ஏன் எல்லாவற்றையும்
இவ்வளவு கிட்டக் கிட்ட வைத்திருக்கிறது?

செருப்பில்லாமல் ஓடினேன்.
ரயிலொன்று குறுக்கே போனது,
வாசல்களில் ஆட்கள் தொங்கிக்கொண்டு,
முடியவே முடியாத ரயில்.
அது போனபின் பார்த்தால்
கல், நுரை, குடைக்குள் ஒரு காதல் சோடி.
பிள்ளையைக் கண்டீங்களா என்று கேட்க வாய் திறந்தேன்.
எந்தப் பிள்ளை?
பெயர் வரவில்லை.
எண் மட்டும்தான் இருந்தது.

திரும்பி வந்து கேற்றடியில் குந்தி அழுதேன்.
யாரோ என் சின்ன விரலைப் பிடித்தார்கள்.
"என்னத்துக்கு அழுறீங்க மிஸ்?"
ஹம்தா.
முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீலச் சட்டையில்.
என் சட்டை.
பத்து மணிக்கு, கதை கேட்டுக்கொண்டே
கதிரையில் மூத்திரம் பெய்துவிட்டு எழும்பாமல் இருந்தவளை
பின்பக்கம் கூட்டிப்போய்க் கழுவி
நானே போட்டுவிட்ட சட்டை.

வரிசையில்தான் நின்றிருக்கிறாள், இரண்டு தரமும்.
நான் எண்ணியது செம்மஞ்சளை.

மூக்கைத் துடைத்தேன்.
அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள், சந்தையில் நிற்கிறவள் மாதிரி.
"நீங்க அழுதத நான் சொல்லமாட்டன்.
நான் பெஞ்சத நீங்க சொல்லப்போடா."
சரி என்றேன்.
"சமீஹுக்கும்?"
சமீஹுக்கும்.

பின்னேரக் கூட்டத்தில் பொறுப்பாளர் கேட்டார்,
இன்றைக்கு ஏதும் விசேஷம்?
பச்சைப் பெயின்ற் முடிந்துவிட்டது என்றேன்.
அது உண்மை.

ஹம்தாவின் வாப்பா முச்சக்கரவண்டியில் வந்தார்,
இருபது நிமிஷம் பிந்தி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.
எப்பிடி இருந்தா?
நல்ல பிள்ளை.
ஈர டீசேர்ட் முடிந்த பொலித்தீன் பையை
மடியில் வைத்துக்கொண்டு
கடன் கொடுத்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள்,
வண்டி திரும்பும்வரை.
சட்டையை நான் கேட்கவில்லை.

நூறாம் நம்பர் பஸ்.
யன்னலில் சாய்ந்து நித்திரையாகிப்போன கிளார்க்,
மீன் பையைக் காலுக்குள் இடுக்கிய ஒரு மனுசி,
கம்பியில் தொங்கும் டியூஷன் பொடியன்கள்.
என்னை அறியாமலே தொடங்கியிருந்தேன்:
ஒன்று, இரண்டு, மூன்று.
தெஹிவளையில் ஆறு பேர் இறங்க
கணக்குக் குழம்பியது.
இந்த முறை முகங்களைப் பார்த்தேன்.
கிளார்க்கின் காதோரம் காயாத சவர வெட்டு.
மனுசியின் நகத்தில் செதில்.

கொண்டக்டர் மிச்சம் தந்தான்.
எண்ணாமல் வாங்கினேன்.