ஓவசியர்

கொக்குவில் கடவையில்
ஓவசியர் நின்றால் நானும் நிற்பேன்.
கையில் அவன் கயிறு,
கழுத்தில் லொத்தர் பலகை.

"சிவப்பு எரியுது, அதுதான் நிக்குது"
என்றான் சைக்கிள்காரன்.
கம்பசில் விலங்கியல் படிக்கிற வேணுஜா சிரித்தாள்.
நாய்க்குச் சிவப்புத் தெரியாதாம், அண்ணை.
காய்ந்த சாணி நிறமாம்.
நீலமும் மஞ்சளும்தான் கிடைக்குமாம்.

அப்ப இவ்வளவு நாளும்
எதைப் பார்த்தடா நின்றாய்?
என் முழங்காலில் மூக்கைத் துடைத்தான்.
கோண்டாவில் பக்கமிருந்து ஒரு நடுக்கம்
செருப்புக்கூடாக எனக்கும் ஏறியது.

கடையடிப் பூனையைப் பற்றியும் சொன்னாள்:
இருட்டில் எலி வாலைக் காணும்,
மூக்குக்கு நேரே போட்ட சூடைமீனைக் காணாது.
மீசையால் தடவித்தான் எடுக்குமாம்.
இதை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ரயில் போனது. டீசல் மணம்.

நான் கடைசியாகக் கண்டது சிவப்பு.
எதில் என்று கேட்காதேங்கோ.
கண் போயும் அது போகவில்லை,
சில இரவுகளில்
தட்டி எழுப்பிவிட்டுப் பக்கத்தில் இருக்கும்.

ஓவசியர் கயிற்றை இழுத்தான்.
அவனுடைய றோட்டில் அந்த நிறமே இல்லை.

இறங்கவேண்டிய ஒழுங்கை வந்தது.
நில் என்று சொல்லாமல்
அவனுக்குப் பின்னால்
இன்னும் கொஞ்சத் தூரம் போனேன்.