பேர் போடுதல்

பொகவந்தலாவை. பெரிய சனி.
பீடத்தில் துணியில்லை, விளக்கும் அணைந்திருந்தது.

"சிலுவைக்கு முந்திச் செத்த ஆபிரகாமுக்கு
முழுப்பேரா, அரைப்பேரா?"
என்றாள் திரேசம்மா.

ஆபிரகாம் என்றுதான் கேட்டாள்.
இந்தக் கோயில் கட்டுமுன்னே
மண்சரிவில் போன அப்பன் வீரபத்திரனை
வாயால் சொல்லவில்லை.

உபதேசியார் விசுவாசம் என்றார்,
பாதாளத்தில் இறங்கினார் என்றார்,
பக்கம் புரட்டினார்,
இருமினார்.

கடைசி வாங்கில் ஈரக் கம்பளியோடு
கணக்கப்பிள்ளை அந்தோனிராசு:
"பனி மூடுனா மலையில ஆளு தெரியாது.
கொழுந்து ஒடியிற சத்தத்த கேட்டுத்தான்
பேர் போடுறது.
தொரை பெறகுதான் வருவாரு,
கையெழுத்து வைக்க."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

வெளியே ஆறாம் நம்பர் மலை
பனிக்குள் போயிருந்தது.
செருப்பை மாட்டாமல்
திரேசம்மா படியில் நின்றாள்,
காதை மட்டும்
அந்தப் பக்கம் திருப்பி.