புத்தளம் தொடக்கம் காலி வரை

இரவு பன்னிரண்டரை. புல்லர்ஸ் வீதியில்
கடைசி முச்சக்கரவண்டியும் போய்விட்டது.
குளிரூட்டி மட்டும் தன்பாட்டில் ஒழுகுகிறது,
கீழே நான் வைத்த ஐஸ்கிறீம் பெட்டிக்குள்,
சொட்டு, சொட்டு.
ஒருமுறை விராஜ் அதை அளந்து
பதிவேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தான்:
‘அலுவலகத்துள் பதினான்கு மில்லிமீற்றர்.’
அத்தியட்சகர் சிரிக்கவில்லை.

சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்தில் எழுதி,
அதன் பிறகுதான் தமிழுக்கு வரும் வானம்.
அதற்குள் சிலநேரம்
பெய்யவேண்டியது பெய்து முடிந்திருக்கும்;
கொலன்னாவையில் மெத்தையை மேசைமேல் ஏற்றிய பின்
ஒரு வீட்டுக்கு என் அறிவித்தல் போய்ச் சேரும்,
அழகான இலக்கணத்தில்.

வைகாசி பிறந்து பன்னிரண்டு நாள்.
சோளகத்தை இன்னும் காணவில்லை.
நான்கு கணினி மாதிரிகள், நான்கு மாதிரிப் பதில்கள்.

இந்த நேரத்தில்தான் திரையில் நிவியாக் வந்தாள்.
கிறீன்லாந்தின் வடமேற்கில் எண்பது பேர் வாழும் கரை.
அங்கே பின்னேரம், வெயில் அணையாத பின்னேரம்.
மீன் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள்;
வேலை முடிந்ததும் உறைந்த கடலில் துளையிட்டு
கட்டியின் தடிப்பை அளந்து அனுப்புகிறாள்,
சம்பளம் இல்லாமல்.
ஏதோ பயிற்சிப் பட்டறையில்
எங்கள் இருவரையும் சோடி சேர்த்துவிட்டார்கள்.
துருவமும் வெப்பவலயமும் என்று தலைப்பு.

‘வரைபடத்தில் எங்கள் குடா முழுக்க வெள்ளை,’ என்றாள்.
‘வெள்ளை என்றால் நடக்கலாம் என்று
தூரத்தில் இருந்து வரைபவர்கள் நினைக்கிறார்கள்.
காற்று எவ்வளவு, குளிர் எவ்வளவு, எல்லாம் வருகிறது.
தாங்குமா என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை.’
மார்ச்சில் ஒருவனுடைய வண்டி உள்ளே போனது.
நாய்கள் ஏழு. ஆள் ஏறிவிட்டான்.
அவள் அன்று அளந்தது வேறு இடத்தில்,
இருநூறு மீற்றர் தள்ளி.
அதைச் சொல்லும்போது கையுறையைக் கழற்றினாள்,
திரும்பப் போட்டாள்.

பிறகு கேட்டாள்: ‘உன் பக்கத்தில் என்ன சொட்டுகிறது?’

குளிரூட்டி என்றேன்.
கொஞ்சநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.
‘எங்கள் கூரையில் இந்தச் சத்தம் ஜூனில்தான் வரும்.
இந்த முறை பெப்ரவரியில் வந்தது.
குழாயைத்தான் பூட்டவில்லை என்று
நடு இரவில் எழும்பிச் சமையலறைக்குப் போனேன்.’

இணைப்பு அறுந்தது. யாருடைய பக்கத்தில் என்று தெரியாது.

விராஜ் மேசையில் தலைவைத்துத் தூங்குகிறான்.
அவனுடைய சிங்களம் பதினொன்றுக்கே போய்விட்டது.
தமிழுக்கு வந்தேன்.
‘புத்தளத்திலிருந்து கொழும்பு ஊடாகக் காலி வரையான
கடற்பரப்புகளில் காற்று பலமாக வீசலாம்.’
வீசலாம்.
காற்றுக்கு நான் அனுமதி கொடுத்தது போல.
இந்த ‘லாம்’ ஒன்றுதான் எங்களிடம்:
தெரியாததற்கும் அதுவே,
தடையில்லை என்பதற்கும் அதுவே.

மூன்றே முக்காலுக்கு முகத்துவாரத்திலிருந்து
மெற்றில்டா எடுப்பாள். கிழமையில் ஐந்து நாள் எடுப்பாள்.
போன செவ்வாய், வேண்டாம் என்றேன்.
கடல் நாள் முழுக்கக் கண்ணாடி.
‘உங்க காத்து எங்க மிஸ்?
அரிசிக்கு நீங்க தருவீங்களா காசு?’

மணி அடித்தது.
‘போகலாமா மிஸ்?’
அவளுக்குப் பின்னால் எஞ்சின் ஒன்று
இழுக்க இழுக்கப் பற்றாமல் இருமியது.

‘எனக்குத் தெரியேல்ல, மெற்றில்டா.’
பதினொரு வருடத்தில் முதல்முறை சொல்கிறேன்.
‘காத்து வரும் எண்டு மூண்டு சொல்லுது,
எப்பவெண்டு மூண்டும் மூண்டு நேரம் சொல்லுது.
ஒண்டு, இல்லையெண்டுது.’

அவள் திரும்பி யாரிடமோ அதை அப்படியே சொன்னாள்.
எஞ்சின் நின்றது.
யோசிக்கிறார்களா, பற்றவேயில்லையா,
இங்கிருந்து தெரியாது.
‘வைக்காதீங்க மிஸ்,’ என்றாள். ‘இருங்க.’

ஒரு கையில் தொலைபேசி.
ஐஸ்கிறீம் பெட்டி விளிம்புவரை வந்துவிட்டது;
மறுகையால் மட்டும் தூக்கினால் சிந்தும்.
இருந்தேன்.