பதிப்புக் குறிப்புகள், லியெபாயா

பதிப்பு 3.1
கூடத்து விளக்கு இனிக் கடிகாரத்தை நம்பாது,
சூரியனை நம்பும்.
ஆனால் ஜூனில் எங்கள் ஊர்ச் சூரியன்
இரவு பத்தரை வரை
கிளம்ப மனமில்லாத விருந்தாளி.
அதற்கும் ஒரு விதிவிலக்கு எழுதியிருக்கிறேன்.

பதிப்பு 3.2
பார்கோடு இல்லாத பழைய புத்தகங்களையும்
இனிப் பட்டியலில் சேர்க்கலாம்.
போர்த்துகலிலிருந்து கிதேரியா அம்மையார் கேட்டிருந்தார்:
அட்டை போய், முதல் பக்கமும் போனதை
என்னவென்று பதிவது?
‘நீலம், கனம், ஈர வாடை’ என்று எழுதுங்கள், அம்மா.
தேடினால் கிடைக்கும்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள்.
பதினேழு பேர் பணம் தருகிறார்கள்.
ஒருவர் தவறாமல் திட்டுகிறார்:
போடோவிலிருந்து அர்ன்ஃபின்.
அவர் சொல்லும் பிழைகள் பெரும்பாலும் பிழைகளே.

பதிப்பு 4
வீட்டு மென்பொருளுக்கும் நூல் மென்பொருளுக்கும்
கல்யாணம் முடித்துவைத்தேன்.
புத்தகத்தின் பெயரைத் தேடினால்
அது இருக்கும் தட்டில் ஒரு பொட்டு விளக்கு எரியும்.
யார் கேட்டார்கள் இதை?
யாரும் கேட்கவில்லை.
துறைமுகக் காற்று ஜன்னலை உலுக்கிய பிப்ரவரியில்
தூக்கம் வராமல் சாலிடர் வைத்தேன்,
தட்டுக்கு ஒன்றாக முப்பத்தாறு.

ஸார்மீதே அதற்கு முன்பே போய்விட்டாள்.
ரிகாவுக்கு, வேலைக்காக, என்று முதலில்.
பிறகு வெறுமனே ரிகாவுக்கு.

அவளுக்குச் சுவிட்ச் என்றால்
டக்கென்று சத்தம் வரவேண்டும்.
தொட்டியில் படுத்து அவள் படித்துக்கொண்டிருந்தால்
அசைவில்லை என்று கண்டு
குளியலறை விளக்கு அணைந்துவிடும்.
‘உயிரோடு இருக்கிறேன் என்று
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
உன் வீட்டுக்குக் கையாட்ட வேண்டுமா, இல்க்வார்ஸ்?’
இருட்டிலிருந்து கேட்டாள்.
மறுநாள் சென்சார் மேல் ஒரு துண்டு டேப்.
நான் அதைப் பயனர் கருத்தாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிப்பு 4.0.3
பிழை: மூன்றாம் தட்டு விளக்கு
இரவில் தானாக எரிகிறது.
ரிலே கசிகிறது என்றார் அர்ன்ஃபின்.
ரிலேயை மாற்றினேன். கம்பியை மாற்றினேன்.
வியாழன் இரவு, பதினொன்று நாற்பது,
டிராம் கடைசி முறையாகத் திரும்பிப் போன பிறகு
மறுபடி எரிந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
பயனர்: ஸார்மீதே.
தேடல்: காளான், கையேடு.
தட்டு மூன்று, ஒன்பதாவது.
செப்டம்பரில் நான்கு முறை.

அவள் அனுமதியை நான் நீக்கவே இல்லை.
மறந்ததா, இல்லையா என்பதற்குப் பதிவேட்டில் இடமில்லை.
பதிப்பு நான்கைப் பற்றி அவளுக்குத் தெரியாது.
என் குறிப்புகளை அவள் எப்போது படித்தாள்?
அவள் திரையில் ஒரு வரி மட்டும்:
இருக்கிறது, மூன்று, ஒன்பது.
இங்கே ஓர் அறை லேசாகப் பச்சையாகிறது,
தொண்ணூறு நொடி.

அனுமதியை எடுக்க ஒரு வரி போதும்.
‘நீ தேடும்போது இங்கே விளக்கெரிகிறது’
என்று அவளுக்குச் சொல்லவும் ஒரு வரிதான்.
இரண்டையும் எழுதினேன்.
இரண்டையும் சேமிக்காமல் மூடினேன்.

திங்களன்று கையேட்டை எடுத்தேன்.
ஓரங்களில் அவள் பென்சில்:
‘இது வேண்டாம்’, ‘இது வெண்ணெயில்’,
ஒரு பக்கத்தில் வெறும் கேள்விக்குறி.
பழுப்புத் தாளில் சுற்றி
நிறுத்தத்துக்கு அருகே பார்சல் பெட்டியில் போட்டுவிட்டு
வீடு வந்து ‘இரவல்’ என்று மாற்றினேன்.

திருப்பித் தரும் தேதி? என்றது மென்பொருள்.
காலியாக விட்டேன். ஏற்கவில்லை.
நான் வைத்த விதிதான்.
இரண்டு வருடமாக அர்ன்ஃபின் திட்டிக்கொண்டிருந்த விதி.

பதிப்பு 4.1
திருப்பித் தரும் தேதி இனிக் கட்டாயமில்லை.
நன்றி, அர்ன்ஃபின்.

தெரிந்த குறை:
இரவல் போன புத்தகத்தைத் தேடினாலும்
காலி இடத்தில் விளக்கு எரிகிறது.
நேற்று எரிந்தது.
பார்சல் இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம்.
அடுத்த பதிப்பில் பார்க்கிறேன்.

மற்றவை:
குளியலறை சென்சாரின் பொறுமை
பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமாக்கப்பட்டது.
கையாட்டத் தேவையில்லை.