பதினான்காம் பக்கம்

"அப்பம் தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வந்தது."
நாலே சொல். ஏழு வயதுக் கண்ணுக்கு ஒரே மூச்சு.
எழுதி முடித்தபோது
கோப்பிகூட ஆறவில்லை.

சரிபார்க்கத்தான் போனேன், சும்மா ஒரு சடங்குக்கு.
பூலாவ் தீக்குஸ் சந்தையோரம்
தியோ கெங் ஹுவாட் கரண்டியை நிறுத்தவே இல்லை.
அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மலாய்க்காரராம்,
அவருக்கு யாரோ.
அவர் வாயில் அது அப்போங்.
அந்த 'ங்'கை நோட்டில் எழுதி, கீழே கோடு போட்டேன்.

டத்தோ கிராமாட் சாலையில் சக்கீனா பீவி
என் வரியை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.
"எங்காளுங்க நாகூர்ல கப்பலேறினப்போ
தமிழ்நாடுன்னு ஒரு பேரு ஏதும்மா?"
அங்கேயே, மாவு வாளிக்குப் பக்கத்தில்,
நாலில் ஒரு சொல் செத்தது.
'சென்னை மாகாணம்' என்று போட்டுப் பார்த்தேன்.
மாகாணத்தை விளக்க இன்னொரு பக்கம் வேண்டும்.
அதற்குள் மேல்மாடி வீட்டு வர்கீஸ்
படியிறங்கி வந்து ஆலப்புழைக்கு வழக்காடினார்.

பிறகு நூலகம். ஆறு நாள் மைக்ரோஃபிலிம்.
குளிர்சாதனத்தில் விறைத்த விரலுக்குக் கிடைத்தது
நகராட்சிக்காரன் எழுதிய ஒரு வரி:
பலகாரம் விற்பவர்கள் நடைபாதையை அடைக்கிறார்கள்.
பலகாரத்துக்குப் பெயர் இல்லை,
விற்றவர்களுக்கும்.
அபராதத் தொகை மட்டும் காசு சுத்தமாக இருந்தது.

ஊய் சின் யீ படம் வரைந்து அனுப்பினாள்.
சட்டிக்குத் தகர மூடி போட்டிருந்தாள்;
மண்மூடி என்று திருப்பினேன்.
மூடி மாறி வந்தது.
கடையைச் சுற்றி ஒரு தூடோங், ஒரு பொட்டு,
ஒரு சீனப் பையன், ஒரு தலைப்பாகை.
எல்லார் பல்லும் தெரிந்தது.
எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை.
அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜெலுத்தோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி, இரண்டாம் ஆண்டு.
சோதனை வாசிப்பு.
கடைசி வரிசையில் யுகேந்திரன் கையைத் தூக்கினான்.
வரியைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.
"டீச்சர், ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?
எங்கம்மா அப்பம் சுடுறப்ப
யாரும் வாயே தொறக்கக் கூடாது."
வகுப்பு கொல்லென்றது. நான் குனிந்து
என் குறிப்பேட்டைப் பார்த்தேன்.
கெங் ஹுவாட்: உதட்டைக் கடித்தபடி மாவு ஊற்றுகிறார்.
சக்கீனா: புகைக்கு ஒரு கண்ணை மூடியிருக்கிறார்.
என் கையெழுத்துதான். தேதிகூடப் போட்டிருக்கிறேன்.

மறுபடி வரைந்தாள் சின் யீ, முனகிக்கொண்டே.
இப்போது சுடுபவர் முகம் இறுகி இருக்கிறது.
தூடோங் அணிந்த சிறுமி சில்லறை எண்ணுகிறாள்,
பத்து சென் குறைகிறது போலும்.
தலைப்பாகைக்காரர் படத்தில் இல்லை.
அன்றைக்கு அவர் வரவில்லை, அவ்வளவுதான்.

பதிப்பகத்தில் புவான் ரொஹைடா பேனாவால் தட்டினார்.
"குழந்தைகளுக்கு விடை வேண்டும்.
பயிற்சித்தாளில் ஐந்தாம் கேள்வியே இதுதான்,
அப்பம் எங்கிருந்து வந்தது, நாலு தெரிவு."
நாலும் தப்பு என்றேன்.
"அப்போ கேள்வியை எடுத்துடலாமா?"
கேள்வி இருக்கட்டும், தெரிவுகளை எடுங்கள் என்றேன்.
பேனா கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தது.

அச்சில் இப்படி வந்திருக்கிறது:
"பினாங்கில் பலர் அப்பம் சுடுகிறார்கள்.
முதலில் சுட்டவர் யாரென்று எங்களுக்குத் தெரியவில்லை."
மூன்று மாதம், ஒன்பது சொல்.
அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான்
பெட்ரோல், நூலகக் கட்டணம்,
தின்று தீர்த்த நாற்பது அப்பம் எல்லாம்.

நேற்று பெட்டிகள் வந்தன.
ஒன்றைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுப் புரட்டினேன்.
இருபத்திரண்டாம் பக்கம், தீவின் வரைபடம்.
பத்துத் தரம் பார்த்த பக்கம்.
அம்புக்குறியில் வடக்கு
தெற்கே பார்த்து நிற்கிறது.

ஆயிரத்து இருநூறு பிரதி.
பென்சிலைச் சீவினேன்.