ஐந்து நிமிடம்

ஊரின் பேரிலேயே நீர் இருக்கிறது,
நீர்வேலி.
இவருக்கு நாளொன்றுக்கு அரைப்போத்தல்.
குளிசை விழுங்கவும் அதற்குள்தான்,
தேத்தண்ணியும் அதற்குள்தான்.
ஒருநாள் பல் மினுக்கியவர்
வாய் கொப்பளித்துவிட்டுத் துப்பவில்லை.
கண்டேன்.
காணாததுபோல உடுப்புக் காயப்போட்டேன்.

வாழைத்தோட்டக்காரர்.
கதலிக்குலை பழுத்து வீடெல்லாம் மணக்கும்,
ஒரு பழம் தொடக்கூடாது.
பொட்டாசியம் என்றார் டொக்டர்.
கடன்காரன் ஒருவனின் பெயரைப்போல
அந்தச் சொல்லை இவர் சொல்லப் பழகினார்.

கிழமைக்கு இரண்டு நாள் பெரியாஸ்பத்திரி.
போகும்போது மினிபஸ்ஸில் யன்னல்கரை,
வரும்போது என் தோள்.

கனடாவில் இருக்கிற தம்பிக்காரன் பொருந்தினான்.
பிறகு லீவு இல்லை என்றான்.
பிறகு காசு அனுப்பினான்,
நான் ஒருமிக்கக் கண்டிராத காசு.
அவன் மனிசி வைபரில் சொன்னா:
"அக்கா, நீங்கள்தானே மனிசி,
உங்கடையெண்டால் அங்கை கேள்வி குறைவாம்."
என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காமலே எல்லாரும் நன்றி சொன்னார்கள்.
கோயிலில் ஐயர்கூட
திருநீற்றுத் தட்டை முதலில் எனக்கு நீட்டினார்.

கலியாணம் முடித்தவர்கள்தான் என்பதற்கு
அத்தாட்சி கேட்டார்கள்.
அல்பம் வட்டக்கச்சியில் ஒரு பங்கருக்குள் கிடக்கிறது,
அல்லது கிடக்கவில்லை.
கிராமசேவகரிடம் ஒரு கடிதம்,
பிரதேச செயலகத்தில் ஒரு முத்திரை,
கொழும்பில் இரண்டு பகல்,
கடைசியில் மகளின் பிறப்புச் சான்றிதழ்.
தகப்பன்: வைத்திலிங்கம் கமலதாசன்.
தாய்: நேசமலர்.
அது நான்.

பலாலியில் ஏறிய சின்னப் பிளேன்
தேத்தண்ணி ஆற முதல் இறங்கிவிட்டது.
வடபழனியில் மாதவாடகைக்கு ஓர் அறை.
சுவருக்கு அப்பால்
வங்காளத்தில் யாரோ சத்தி எடுத்தார்கள்.
சத்திக்குப் பாஷை இல்லை,
ஆனாலும் பிறகு அவள் அவனைத் தேற்றியது
எனக்கு முழுதாய் விளங்கியது.

கொமிற்றிக்கு முதல்நாள்
டொக்டரம்மா இவரை வெளியே அனுப்பினா.
கதவைச் சாத்தினா.
"யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?
வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க.
பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்லுவோம்.
காரணம் யாருக்கும் தெரியாது.
அவருக்கும்."
யோசிக்க ஐந்து நிமிடம் தந்தா.

ஐந்து நிமிடத்தில் நான் நீர்வேலிக்குப் போய்விட்டேன்,
இரண்டோடும்.
கிணற்றடியில் வாளியோடு வாய்வைத்துக் குடித்தேன்.
கறிக்கு உப்புப் போட்டேன், என் அளவுக்கு.
செத்தவீடு நடந்தது.
நன்றாக அழுதேன், ஒரு குறையும் சொல்லேலாது.
கனடாவிலிருந்து தம்பிக்காரன் வந்து இறங்கினான்,
அதற்கு லீவு இருந்தது.
மகளுக்குக் கம்பஸ் கிடைத்தது.
அவள் போக,
குலை பழுத்த வீட்டில் நான் தனியே இருந்து
ஒரு பழம் உரித்தேன்.

"ஓம்" என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பெடியன் நிமிர்ந்தான்.
"சாமி கும்பிடுறீங்களாம்மா?"
"இல்லைத் தம்பி. ஓமெண்டால் ஓம்தான்."
"ஆமான்னு எழுதுப்பா" என்றா டொக்டரம்மா.
ஏன் என்று அவ கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
துப்பாத அந்த ஒருவாய்த் தண்ணியைச் சொல்லியிருப்பேனோ,
தெரியாது.

இப்போது இவர் இரவில் இரண்டு தரம் எழும்புகிறார்.
இருட்டில் சத்தம் கேட்கும்,
நீளமாய்,
வெட்கமில்லாமல்,
வாய்க்காலுக்கு மிசின் தண்ணி விட்டதுபோல.
முதல்நாள் அதைக் கேட்டு இரண்டுபேரும் சிரித்தோம்.

மழை இருட்டினால் என் இடதுபக்கத் தழும்பு கடிக்கும்.
ஒத்தியெடுத்து எண்ணெய் பூசுவார்.
பூசும்போது கேட்பார்:
"அண்டைக்கு உள்ளுக்கை கனநேரம் இருந்தாய்,
என்ன கேட்டவை?"
"பேர், ஊர், வயசு" என்பேன்.

கட்டில் கிறீச்சிடுகிறது, திரும்பி வந்துவிட்டார்.
"முழிப்போ, நேசம்?"
நித்திரைபோலக் கிடக்கிறேன்.